கொங்கிறீட்டோடு கோபித்தவர்

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் வீடு எரிந்தவர்கள் வெள்ளவத்தையில் ஒழுங்கைக்குப் பத்துப் பேர் இருந்தார்கள். அவர்களோடு தேத்தண்ணீர் குடிக்க உட்கார்ந்தால் இரண்டாவது மிடறில் அந்தக் கதை வந்துவிடும். பெற்றோல் கானைத் தூக்கி வந்தவன் யார், வீட்டைக் காட்டிக்கொடுத்தவன் யார், மதிலேறிக் குதிக்க ஏணி தந்த சிங்களப் பெண் யார் என்று, உடுத்திருந்த சாரத்தின் நிறம் வரைக்கும் ஒன்றும் மறக்காமல் சொல்வார்கள். நான் வேலை செய்த கந்தோருக்கு வந்துபோகும் எஞ்சினியர் சேரும் வீடு எரிந்தவர்தான். ஆனால் கொளுத்தியவர்களைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்து நான் கேட்டதில்லை. அவருடைய கோபமெல்லாம் கொங்கிறீட்டோடுதான்.

"நெருப்பு ஒரு இரவுதான் பிள்ளை நிண்டது. அது தன்ர வேலையைச் செய்துபோட்டுப் போட்டுது. இந்தக் கொங்கிறீட்தான் எங்களை ஏமாத்தினது" என்பார்.

ஏமாற்றிய விதம் இது. அகதி முகாமில் மூன்று கிழமை இருந்துவிட்டு அவர் குடும்பத்தோடு திரும்பி வந்தபோது வீட்டில் யன்னல் இல்லை, கதவு இல்லை, ஆனால் கொங்கிறீட் மேல்தட்டு அப்படியே நின்றிருக்கிறது. எரிந்தும் விழவில்லையே என்று சந்தோசப்பட்டு, சாம்பலைக் கூட்டி அள்ளி, யாரோ கொடுத்த சாப்பாட்டு மேசையையும் போட்டுவிட்டார்கள். பிறகு ஒரு கிழமை மழை பெய்தது. ஒரு மத்தியானம் மனைவி கறிச்சட்டியை எடுக்கக் குசினிக்குள் போன நேரத்தில் மேல்தட்டில் பாதி அந்த மேசையின் மேல் வந்து விழுந்தது.

"சீமெந்துக்குள்ள சுண்ணாம்பு கிடக்கு. நானூறு, ஐந்நூறு டிகிரி பட்டால் அது நீறாத சுண்ணாம்பாப் போயிடும். பிறகு ஈரம் பட்டால் ஊதும். வெத்திலைக்குச் சுண்ணாம்பு நீத்தேக்க பானைக்குள்ள எப்பிடிப் பொங்கும்? அதுதான் தூணுக்குள்ளயும் நடக்கிறது. நெருப்பு எரியேக்க விழாது. எல்லாரும் திரும்பி வந்து குடியிருந்தாப் பிறகுதான் விழும்."

இதை அவர் சலூனில் சொன்னார், கோவில் மண்டபத்தில் சொன்னார், 155 பஸ்ஸில் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாதவருக்கும் சொன்னார். கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டு, "சேர், அப்ப ஆர் கொளுத்தினது எண்டு தெரியுமோ?" என்பார்கள். சேருக்கு ஆத்திரம் வரும். நான் இரசாயனம் கதைக்கிறேன், இவர்கள் வம்பு கேட்கிறார்களே என்ற ஆத்திரம்.

யுத்தம் யாழ்ப்பாணத்திலிருந்து எங்களைக் கொழும்புக்குத் தள்ளிய பிறகு எனக்குக் கொட்டாஞ்சேனையில் ஒரு கொன்ட்ராக்டரின் கந்தோரில் ரைப்பிஸ்ற் வேலை கிடைத்தது. முப்பத்திரண்டு வயதில் அதுவே பெரிய காரியம். சேர் அரசாங்க எஞ்சினியராக இருந்து இளைப்பாறியவர். கிழமையில் இரண்டு நாள் வந்து வரைபடங்களைச் சரிபார்ப்பார், மிச்ச நேரத்தில் என்னைக் கொண்டு தன்னுடைய பரிசோதனை அறிக்கைகளை ரைப் அடிப்பிப்பார். வெள்ளைச் சேர்ட்டுப் பைக்குள் அடிமட்டம், கைப்பைக்குள் சின்னச் சுத்தியல். மனைவியும் பிள்ளைகளும் கனடாவில். "வந்து சேருங்கோ" என்று மாதம் ஒரு கடிதம் வரும். "அங்க முழுக்கப் பனி. எனக்கு அங்க என்ன வேலை?" என்று கடிதத்தை மடித்து வைப்பார்.

அவரிடம் உலகத்தைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: "எத்தினை டிகிரிக்குத் தாங்கும்?" கந்தோருக்குப் புது அலுமாரி வந்தால் கேட்பார். கொன்ட்ராக்டரின் பெரியப்பாவைப் பொரளை மயானத்தில் தகனம் செய்யக் கொண்டுபோன நாளில், பெண்கள் தலையில் அடித்து அழுதுகொண்டிருக்க, இவர் பின்பக்கத்தில் சூளைக்காரனோடு நின்றார். உள்ளே பதித்திருக்கும் செங்கல் என்ன ஜாதி, எத்தனை வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவீர்கள், வெடிப்பு எந்தப் பக்கத்தில் முதலில் வரும் என்றெல்லாம் சிங்களத்தில் விசாரித்துக் குறித்துக்கொண்டார். வெளியே வந்து கொன்ட்ராக்டரின் கையைப் பிடித்து, "பெரியப்பா நல்ல இடத்தில இருக்கிறார்" என்றார். கொன்ட்ராக்டர் அதை ஆறுதல் வார்த்தை என்று நினைத்து விம்மினார்.

ஏமாற்றிய சீமெந்துக்குப் பதிலாக அவர் கண்டுபிடித்து வைத்திருந்த புதுச் சம்பந்தத்தின் பெயர் ஜியோபொலிமர். சீமெந்தே இல்லாத கொங்கிறீட். வெளிநாடுகளில் நிலக்கரிச் சாம்பலில் செய்கிறார்களாம். எங்கள் நாட்டில் அப்போது நிலக்கரி எரிக்கும் மின்நிலையம் கிடையாது. அதனால் அவர் வெண்களியைச் சுட்டுத் தூளாக்கி, கோஸ்டிக் சோடாவும் வாட்டர் கிளாஸ் என்கிற சிலிக்கேட் கரைசலும் விட்டுப் பிசைந்து கல் வார்த்தார். சாதாரணக் கொங்கிறீட்டில் இறுக்கிப் பிடித்து வைத்திருப்பதே தண்ணீர்தான், சூடு பட்டால் அந்தத் தண்ணீர்தான் முதலில் கிளம்பும் என்று விளங்கப்படுத்துவார். வசதியுள்ள வெள்ளவத்தைக் குடும்பங்களும் அப்படித்தான், சூடு கண்டதும் முதலில் விசா எடுத்தவர்கள் அவர்கள்தான் என்று நான் சொன்னேன். "ஆக்களை இழுக்காதேங்கோ பிள்ளை" என்றார். "ஆக்களைத் திருத்தேலாது. கொங்கிறீட்டைத் திருத்தலாம்."

கோஸ்டிக்கும் வாட்டர் கிளாசும் புறக்கோட்டையில் சவுக்காரம் காய்ச்சுகிறவர்களுக்குச் சாமான் விற்கும் ஒரு முஸ்லிம் வியாபாரியிடம் வாங்குவார். "சேர், இத்தின வருசமா கோஸ்டிக் வாங்குறீங்க. ஒரு கட்டி சவுக்காரத்தையாவது நான் கண்ணால காணல்லியே?" என்று அந்த மனிதர் கவலைப்பட்டார்.

ஒரு வெள்ளைத் தூள் பொதி, கோஸ்டிக், இனந்தெரியாத திரவம் ஒரு போத்தல், ஒரு சுத்தியல். அந்தக் காலத்துக் கொழும்பில் ஒரு தமிழனுடைய பைக்குள் இருக்கக்கூடாதவை அத்தனையையும் ஒரே பைக்குள் போட்டுக்கொண்டு இவர் பஸ்ஸில் போவார். ஒருநாள் சோதனைச்சாவடியில் எல்லோரையும் இறக்கியபோது நானும் வரிசையில் நின்றேன். "மே மொனவத?" என்று இராணுவத்தான் பையைக் காட்டிக் கேட்டான். இது என்ன என்று கேட்டவனுக்கு ஒரு வரிப் பதில் போதும். சேர் சுத்தமான சிங்களத்தில் சுண்ணாம்பிலிருந்து தொடங்கினார். கால் மணித்தியாலம் கழித்து அவன் தப்பிக்கும் நோக்கத்தோடு, தன் அப்பா ஊரில் வீடு கட்டுவதாகச் சொன்னான். அது இன்னும் பிழையாகப் போயிற்று. "சீமெந்தில கட்ட வேண்டாம் எண்டு சொல்லும்" என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். பிறகு அந்தச் சாவடியில் சேரைத் தூரத்தில் கண்டாலே போகச் சொல்லிக் கைகாட்டுவார்கள். அடையாள அட்டை காட்டாமல் அந்த இடத்தைக் கடந்த ஒரே தமிழர் அவராகத்தான் இருக்கவேண்டும்.

கல்லைச் சுடுவதற்குக் கொட்டாஞ்சேனையில் ஒரு பித்தளை வார்ப்புப் பட்டறை வாய்த்திருந்தது. குத்துவிளக்கு வார்ப்பவர்கள். பித்தளை உருக்கி முடிந்ததும் உலை சூடாகக் கிடக்கும்போது இவருடைய கற்களை உள்ளே வைக்க அனுமதி. நானும் இரண்டு முறை பார்த்தேன். சீமெந்துக் கல்லும் இவருடைய கல்லும் தணலாகச் சிவந்து வெளியே வரும். ஆறிய பிறகு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டு கிழமை மேசையில் வைத்திருந்தால் சீமெந்துக் கல் தானாக வெடித்து உதிரும். இவருடையதைச் சுத்தியலால் தட்டினால் மணிபோலக் கேட்கும். பட்டறைக்காரர், "ஐயா, இத வெச்சு ஒரு விளக்காவது வார்க்கலாமா?" என்று கேட்டார். எல்லாக் கல்லும் நின்றது என்றில்லை. சல்லிக்கல் சேர்த்து வார்த்தவை பல வெடித்தன. பசை சூட்டில் சுருங்க, சல்லிக்கல் ஊத, இரண்டும் ஒன்றை ஒன்று இழுத்துப் பிய்த்துவிடும். அவற்றுக்கும் அறிக்கை உண்டு. "தோல்வி" என்று ரைப் அடிக்கச் சொல்லும்போதும் அவர் முகத்தில் சுருக்கம் இருக்காது. காரணம் தெரிந்த தோல்வி என்றால் அவருக்கு அரை வெற்றி.

இப்படியிருக்கும்போதுதான் எங்களுக்கு வீடு வந்தது.

வெள்ளவத்தையில் கடல் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் எண்பத்து மூன்றில் எரிந்த மூன்று தட்டுக் கட்டடம் ஒன்று வருடக்கணக்காக மழையில் நனைந்து கிடந்தது. சொந்தக்காரர் லண்டனிலிருந்து விற்றுவிட, எங்கள் கொன்ட்ராக்டர் வாங்கினார். சாந்து பூசி, யன்னல் வைத்து, ஆறு பிளாட்டாகப் பிரித்து, கந்தோரில் வேலை செய்கிற எனக்கு இரண்டாம் தட்டில் ஒன்றைக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொன்னார். ஜேர்மனியில் இருந்த அண்ணா பணம் அனுப்ப ஒப்புக்கொண்டார். அம்மாவும் நானும் இரண்டு வருடமாக ஒரு லொட்ஜ் அறையில் இருந்தோம். காலையில் குளியலறைக்கு வரிசை, மாலையில் பொலிஸ் பதிவுக்கு வரிசை. சொந்தக் குசினி என்ற சொல்லைக் கேட்டாலே அம்மாவின் கண் கலங்கும்.

கட்டடத்தைப் பார்த்து ஓர் அறிக்கை தரும்படி கொன்ட்ராக்டர் சேரைக் கேட்டார். ஒரு பக்கத்தில், "உறுதியாக உள்ளது" என்று இருந்தால் போதும். சேர் சுத்தியலோடு நான்கு நாள் அங்கேயே கிடந்தார். பூசிய சாந்தை இடையிடையே கொத்தி எடுத்து உள்ளே பார்த்தார். சூடு பட்ட கொங்கிறீட் நிறம் மாறும். முந்நூறு டிகிரி தாண்டினால் ரோசா நிறம், அறுநூறு தாண்டினால் வெண்சாம்பல். பாதித் தூண்கள் ரோசாவாக இருந்தன. படிக்கட்டுக்குப் பக்கத்துத் தூண் வெண்சாம்பலாக இருந்தது. நகத்தால் சுரண்ட மாவாக வந்தது. தட்டினால் சத்தமே இல்லை. எங்கள் பிளாட்டின் பாரம் முழுவதும் அந்தத் தூணில்தான். சேர் ஒன்பது பக்கம் சொன்னார், நான் ஒன்பது பக்கமும் ரைப் அடித்தேன். தூண்களை உடைத்து மறுபடி கட்டாமல் ஆட்களைக் குடியிருத்தக்கூடாது என்பது கடைசி வரி.

கொன்ட்ராக்டர் வாசித்தார். கோபிக்கவில்லை. அறிக்கையை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, கட்டடம் முழுவதும் உள்ளும் புறமும் ரோசா நிறப் பெயின்ற் அடிக்கச் சொன்னார். இனி எங்கே கொத்தினாலும் வித்தியாசம் தெரியாது. பிறகு வேறொரு எஞ்சினியரிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்கினார். சேருக்கும் ஒரு வழி வைத்திருந்தார்.

"சேர், மொட்டைமாடியில ஒரு தண்ணித்தாங்கி றூம் வருது. அதை முழுக்க உங்கட ஜியோபொலிமரில போடுங்கோ. சிலோனில ஃபெர்ஸ்ற் பில்டிங். கீழ உங்கட பேரில ஒரு போர்ட்டும் வைக்கிறன். இந்தத் தூண் கதையை மட்டும் விடுங்கோ."

பன்னிரண்டு வருடமாகக் கல்லை மட்டுமே வார்த்த மனிதர். ஓர் அறை. நான்கு சுவரும் ஒரு கூரையும் உள்ள உண்மையான அறை. அவருடைய முகம் கல்யாணப் பேச்சு வந்த பெண்ணின் முகமாகிவிட்டதை நான் பார்த்தேன். "யோசிக்கிறன்" என்றார். மூன்று நாள் அந்த அறையின் படத்தைக் கீறிக்கொண்டே இருந்தார்.

நான்காம் நாள் பின்னேரம் எங்கள் லொட்ஜுக்கு வந்தார். அம்மா முறுக்கும் தேத்தண்ணீரும் வைத்தாள். சேர் ஒரு கடதாசியில் படிக்கட்டுத் தூணைக் கீறி, சூடு, சுண்ணாம்பு, ஈரம் எல்லாம் சொன்னார். அம்மா மரியாதையாகக் கேட்டு முடித்தாள்.

"சேர், நான் படிக்காதவள். ஆனால் ஒண்டு கேக்கிறன். அந்த வீடு எரிஞ்சதோ?"

"ஓம்."

"விழுந்ததோ?"

"இன்னும் விழேல்லை."

"எரிஞ்சும் விழாத வீடு. அதைவிட உறுதியான வீடு கொழும்பில எங்க கிடக்கு? எரியாத வீட்டை நம்பேலாது சேர். அது இனித்தானே எரியவேணும்!"

வெள்ளவத்தையில் அன்று அம்மா மட்டும் இப்படி நினைக்கவில்லை. ஒருமுறை எரித்த வீட்டை மறுமுறை எரிக்க மாட்டார்கள் என்று நம்பிப் பலர் வீடு வாங்கியிருந்தார்கள். சேர் முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தார். அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"நீதானே பிள்ளை அந்த றிப்போட்டை அடிச்சனி. அப்பிடிப் பயப்பிட ஏதும் கிடக்கோ?"

ஒன்பது பக்கமும் எனக்கு மனப்பாடம். ஆனால் எனக்கும் அந்த வீடு வேண்டியிருந்தது. காலையில் வாளியோடு வரிசையில் நிற்காத ஒரு நாள் வேண்டியிருந்தது. கொன்ட்ராக்டரிடம் வேலையும் வேண்டியிருந்தது.

"சேர் எல்லாத்துக்கும் இப்பிடித்தான் அம்மா சொல்லுறவர்" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. அண்ணாந்து லொட்ஜின் முகட்டைப் பார்த்தார். தேத்தண்ணீரைக் குடித்து முடித்து, "நல்ல முறுக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் கந்தோரில் கொன்ட்ராக்டரிடம், "சரி, தண்ணித்தாங்கி அறையைப் போடுவம்" என்றார். அவரும் விழுந்துவிட்டார் என்று நினைத்தேன். எனக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது.

ஆடி பிறந்தால் நல்ல காரியம் செய்யக்கூடாது. ஆனி முடிய ஒரு கிழமைதான் இருந்தது. வீட்டு உறுதிப் பத்திரம் எழுத நொத்தாரிசு ஆடியில்தான் வருவார். அதனால் முதலில் புதுவீட்டுக் குடிபூரல், பால் காய்ச்சுவது, பிறகு உறுதி என்று முடிவாயிற்று. வீடு வாங்க முதல் அந்த வீட்டில் பால் காய்ச்சுகிற புத்தி எங்கள் ஆட்களுக்குத்தான் வரும். கொன்ட்ராக்டர் அதை விளம்பரமாக்கினார். மற்ற பிளாட்டுகளை வாங்க இருந்த இரண்டு குடும்பங்களையும் அழைத்தார். சேரிடம், "பால் காய்ச்சிற மூண்டு கல்லும் உங்கட கல்லா இருக்கட்டும் சேர். நெருப்புக்கு நிக்கிறதை எல்லாரும் பாக்கட்டும்" என்றார். சேர் உடனே சம்மதித்தார்.

அன்று காலை பதினைந்து பேர் பட்டு உடுத்து வந்தார்கள். ரோசா நிற மண்டபத்தின் நடுவில், வெறும் தரையில், சேர் ஒரு வாளியைத் திறந்து மூன்று கல்லையும் எடுத்து வைத்தார். அவை ஈரமாக இருந்ததைப் பார்த்தேன். கழுவிக்கொண்டு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். ஐயர் மந்திரம் சொல்ல, அம்மா புதுப்பானையில் பாலை விட்டு, தென்னம்பாளையும் விறகும் வைத்து நெருப்பு மூட்டினாள்.

"எல்லாரும் சுவரோட போய் நில்லுங்கோ. நல்லாத் தள்ளி" என்றார் சேர். "அம்மா, நீங்களும். பொங்கேக்க கூப்பிடுறன்."

தான் மட்டும் கிட்ட நின்றார். எங்களுக்கும் நெருப்புக்கும் நடுவில், முதுகை நெருப்புக்குக் காட்டிக்கொண்டு. கொன்ட்ராக்டர் வந்தவர்களுக்கு, "நோ சீமெந்து, பாருங்கோ, நோ சீமெந்து" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பால் விளிம்புக்கு வரும் நேரம் அம்மா கைகூப்பினாள்.

வெடித்தது.

அந்தக் காலத்துக் கொழும்பில் வெடிச்சத்தம் கேட்டால் என்ன செய்வது என்று ஒருவருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. பதினைந்து பட்டுடுப்புகளும் ஒரே நேரத்தில் தரையில் கிடந்தன. ஐயர் மணியைக் கையில் பிடித்தபடி கிடந்தார். கொன்ட்ராக்டர் கதவுக்கு வெளியே கிடந்தார். எப்படி அவ்வளவு தூரம் போனார் என்று இன்றைக்கும் தெரியாது. பானை மூன்று துண்டாகிப் பால் தெற்குப் பக்கமாக ஓடி எங்கள் சேலைகளை நனைத்தது. அதற்குள் ஒழுங்கை முகப்பில் நின்ற இரண்டு இராணுவத்தார் துவக்கோடு மேலே ஓடிவந்தார்கள். கிடக்கிற ஆட்களையும் ஓடுகிற பாலையும் உடைந்த பானையையும் பார்த்தார்கள். அவர்கள் ஊரிலும் புது வீட்டில் பால் பொங்கவைப்பதுதானே வழக்கம். மூத்தவனுக்கு உடனே விளங்கிவிட்டது. துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு, அம்மாவைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டான்.

"அனே அம்மே, கிரி... ஹொந்த நே" என்று தலையை ஆட்டினான்.

அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. பால் போனது நல்லதில்லை என்று இராணுவமே சொல்லிவிட்டது என்பது மட்டும் நன்றாக விளங்கியது. ஒன்பது பக்க அறிக்கை செய்யாததை அந்த ஒரு வரி செய்தது. அம்மா எழும்பி, செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். பின்னால் மற்ற இரண்டு குடும்பங்களும் இறங்கின. சேர் காதுக்குப் பின்னால் வழிந்த இரத்தத்தைக் கைலேஞ்சியால் அழுத்திக்கொண்டு, உடைந்த கல்லின் துண்டுகளைக் குனிந்து பொறுக்கினார்.

பிறகு வெள்ளவத்தைக்கு மூன்று மாதத்துக்குப் பேச்சுப் பஞ்சமில்லை. நெருப்புக்கு நிற்கும் கல் பால் காய்ச்சவே நிற்கவில்லை என்று சலூனில் சிரித்தார்கள். "சேர், எத்தினை டிகிரிக்கு?" என்று பஸ்ஸில் பின்சீட்டிலிருந்து கேட்டார்கள். கொன்ட்ராக்டர் அவரைக் கந்தோருக்கு வரவேண்டாம் என்றார். தண்ணீர்த்தாங்கி அறை போயிற்று. பட்டறையில், "ஐயா, ஒலை வெடிச்சா நாங்க எங்க போறது?" என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். அபசகுனம் பிடித்த அந்தக் கட்டடத்தில் ஒரு பிளாட்டும் விற்கவில்லை. கடைசியில் கொன்ட்ராக்டர் இடித்துப் புதிதாகக் கட்டினார். படிக்கட்டுத் தூணுக்கு அலவாங்குக் கம்பியால் இரண்டு குத்துத்தான் போட்டார்களாம், மேல்தட்டும் சேர்ந்து வந்துவிட்டது என்று இடித்த மேசன் கந்தோரில் வந்து சொன்னான். நான் ரைப் மெசினுக்கு முன்னால் இருந்தேன். அன்று முழுவதும் ஒரு கடிதம் கூட ஒழுங்காக அடிக்க முடியவில்லை.

அன்று பின்னேரமே சேரின் அறைக்குப் போனேன். தூணைப் பற்றிச் சொன்னேன். "ம்" என்றார். அறை முழுவதும் கல். ஒரு அலுமாரி நிறைய, வருடக்கணக்காகக் காய்ந்த, உலையில் சிவந்தும் நின்ற கற்கள்.

"நல்லதாப் போச்சு பிள்ளை, வந்தீங்கள். ஒரு றிப்போட் மிச்சம் கிடக்கு" என்று பழைய ரைப் மெசினை என் பக்கம் தள்ளினார். வழக்கம்போல நடந்துகொண்டே சொன்னார்.

"பரிசோதனை இடம், வெள்ளவத்தை, இரண்டாம் தட்டு. கல்லின்ர வயது, மூண்டு நாள். பதம், நெருப்பு மூட்டிற நேரம் வரைக்கும் தண்ணி வாளிக்குள்ள. சூடாக்கின விதம், நேர் விறகு நெருப்பு, உடனே."

என் விரல் நின்றுவிட்டது. ஈரக் கல்லை நேர் நெருப்பில் வைத்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் வெடிக்கும் என்று எனக்கே தெரியும். நானே எத்தனையோ முறை அதை அடித்திருக்கிறேன்.

"சேர், இந்த அலுமாரி நிறையக் காய்ஞ்ச கல்லுக் கிடந்ததே?"

"கிடந்தது."

"அப்ப ஏன்..."

"முடிவு எண்டு போடுங்கோ பிள்ளை. எதிர்பார்த்தபடி."

அடித்தேன். அவர் என்னைக் குற்றம் சொல்வார் என்று காத்திருந்தேன். லொட்ஜில் நான் சொன்ன அந்த ஒரு வரியைச் சொல்லிக் காட்டினால் கொஞ்சம் அழலாம் என்று இருந்தது. அவர் கடதாசியை உருவி, வாசித்து, கையெழுத்து வைத்து, பஸ் போய்விடும், கெதியாகப் போங்கோ என்றார். அதற்குப் பிறகு அவருக்கு யாரும் ஒரு வாசற்படி வார்க்கக்கூட இடம் கொடுக்கவில்லை. இரண்டு வருடத்தில் மகன் வந்து கனடாவுக்குக் கூட்டிக்கொண்டு போனான். பனியில்தான் செத்தார்.

அம்மா வேறொரு பிளாட்டில் பதினெட்டு வருடம் இருந்தாள். சொந்தக் குசினியில் பால் காய்ச்சுகிற ஒவ்வொரு பொங்கலுக்கும், "அந்த மனிசன் ஒரு ஓட்டைக் கல்லைக் கொண்டுவந்து என்ர குடிபூரலைக் குழப்பினவன்" என்று திட்டுவாள். ஒவ்வொரு முறையும் சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுப்பேன். சொல்லத் தொடங்கினால், அன்றைக்கு அம்மா கேட்டதற்கு நான் சொன்ன பதிலிலிருந்து தொடங்கவேண்டும். அம்மா அவரைத் திட்டிக்கொண்டே கண்ணை மூடினாள். நான் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.